எச்-இண்டெக்ஸ் 61 உள்ளவரா, 17 உள்ளவரா?

கேள்வி: நரம்பியலில் பிஎச்டி சேரப் போகிறேன். இரண்டு பேராசிரியர்கள் என்னை எடுத்துக்கொள்ளத் தயாராக இருக்கிறார்கள். ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித் தரும் கூகுள் ஸ்காலரில் ஒருவருடைய எச்-இண்டெக்ஸ் (அவருடைய கட்டுரைகளைப் பிற கட்டுரைகள் எத்தனை முறை மேற்கோள் காட்டின என்பதை வைத்துக் கணக்கிடும் எண்) 61, மற்றவருடையது 17. ஆனால் ஸ்கோபஸ் என்ற இன்னொரு தரவுத்தளத்தில் முதலாமவருக்கு 48 என்றுதான் காட்டுகிறது. எதை நம்புவது? பெரிய எண் உள்ளவரிடமே சேர்ந்துவிடலாமா?

பதில்: 61, 48 இரண்டுமே சரியாக இருக்கலாம். ஸ்கோபஸ் தான் தேர்ந்தெடுத்துப் பட்டியலிட்ட ஆய்விதழ்கள், நூல்கள், கருத்தரங்கத் தொகுப்புகளில் வரும் மேற்கோள்களை மட்டுமே எண்ணும். கூகுள் ஸ்காலர் ஆய்வேடு, ப்ரீபிரிண்ட் (ஆய்விதழில் வெளிவருமுன் இணையத்தில் போடப்படும் கட்டுரை) என்று இணையத்தில் சிக்குவதையெல்லாம் சேர்த்துக்கொள்ளும். அதே பெயருள்ள வேறொருவரின் கட்டுரை கலந்துவிடுவதும் உண்டு. இருவரையும் ஒரே தளத்தில் வைத்து ஒப்பிடுங்கள், போதும்.

எச்-இண்டெக்ஸை 2005இல் ஹோர்ஹே ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் முன்வைத்தார். ஒருவருடைய ஐந்து கட்டுரைகளுக்கு 900, 300, 4, 4, 1 என்று மேற்கோள்கள் கிடைத்திருந்தால் அவருடைய எச்-இண்டெக்ஸ் 4. குறைந்தது நான்கு மேற்கோள் பெற்ற கட்டுரைகள் நான்கு இருக்கின்றன, அவ்வளவுதான் கணக்கு. இன்னொருவரின் ஐந்து கட்டுரைகளுக்கும் தலா 5 மேற்கோள் என்றால் அவருக்கு 5. துறையையே திருப்பிப்போட்ட அந்த 900 இந்தக் கணக்கில் காணாமல் போய்விடுகிறது பாருங்கள். அதோடு, இந்த எண் ஏறுமே தவிர இறங்காது. ஓய்வு பெற்ற பிறகும் ஏறும். ஆகவே இருவரும் எந்த ஆண்டில் எழுதத் தொடங்கினார்கள் என்று முதலில் பாருங்கள். முப்பத்தைந்து ஆண்டுகளில் வந்த 61ஐயும் பத்து ஆண்டுகளில் வந்த 17ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பது நியாயமே இல்லை.

நான் அதிக நேரம் செலவிடுவது பெயர் வரிசையில்தான். நரம்பியல் கட்டுரைகளில் முதல் பெயர் பெரும்பாலும் சோதனையைச் செய்த மாணவருடையது, கடைசிப் பெயர் ஆய்வகத் தலைவருடையது. நடுவில் இருப்பவர்களின் பங்கு பெரிதாகவும் இருக்கலாம், ஒரு மாதிரியை அனுப்பி உதவியதாகவும் இருக்கலாம். ஸ்கிசோஃப்ரீனியா என்ற மனச்சிதைவு நோயோடு தொடர்புடைய 108 மரபணு இடங்களைச் சொன்ன, நேச்சர் ஆய்விதழின் 2014ஆம் ஆண்டுக் கட்டுரையில் நூற்றுக்கணக்கானவர்களின் பெயர்கள் உள்ளன. அதற்கு வரும் ஒவ்வொரு மேற்கோளும் அத்தனை பேர் கணக்கிலும் முழுசாக ஏறும். அருமையான கூட்டுழைப்பு, சந்தேகமில்லை. ஆனால் இப்படிப்பட்ட பத்துப் பதினைந்து கட்டுரைகளின் நடுவில் பெயர் இருந்தால், ஒருவருடைய ஆய்வகம் தனியாக என்ன செய்கிறது என்பதே அந்த எண்ணில் தெரியாது.

அப்புறம், கட்டுரையின் வகை. ஒரு துறையைத் தொகுத்துச் சொல்லும் ரிவ்யூ கட்டுரைக்கும், எல்லோரும் பயன்படுத்தும் ஒரு மென்பொருளையோ செய்முறையையோ விளக்கும் கட்டுரைக்கும் மேற்கோள் குவியும். புதிய கண்டுபிடிப்புக்கு அந்த அளவு வராமல் போகலாம்.

மேற்கோள் அதிகம் என்பதாலேயே முடிவு சரி என்றும் ஆகாது. அல்சைமர் நோயில் நினைவிழப்புக்கு ஒரு குறிப்பிட்ட அமிலாய்டு புரதத் திரளைக் காரணம் காட்டிய 2006ஆம் ஆண்டு நேச்சர் கட்டுரையை ஈராயிரத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகள் மேற்கோள் காட்டின. படங்கள் முறைகேடாகத் திருத்தப்பட்டிருந்ததால் 2024இல் அது திரும்பப் பெறப்பட்டது. பேராசிரியரின் முக்கியமான கட்டுரைகளின் தலைப்பை, வெளிவந்த கட்டுரைகள் பற்றிய சந்தேகங்களை ஆய்வாளர்கள் எழுதும் பப்பியர் (PubPeer) தளத்தில் ஒருமுறை தேடிப் பார்த்துவிடுங்கள், ஐந்து நிமிட வேலை.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். இருவருக்கும் கடந்த ஐந்து ஆண்டுகளில் கடைசிப் பெயராக வந்த கட்டுரைகளை மட்டும் தனியாக எடுங்கள். அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தின் ஐசைட் என்ற இலவசத் தளத்தில் அவற்றைப் போட்டால் ஒவ்வொன்றுக்கும் ஒரு விகிதம் வரும். துறையையும் ஆண்டையும் கணக்கில் எடுத்துக்கொண்ட எண் அது. 1 என்றால், அந்த நிறுவனத்தின் நிதியில் அதே துறையில் வந்த கட்டுரைகளின் நடுநிலை அளவு. 17 உள்ளவரின் கட்டுரைகள் இங்கே 2, 3 என்று நின்றால், என்னைக் கேட்டால் அவர் பக்கம்தான் சாய்வேன்.

முடிவெடுக்கும் முன் அதே கட்டுரைகளின் முதல் பெயர்களையும் குறித்துக்கொள்ளுங்கள். அவர்கள் உங்களுக்கு முன்னால் அந்த மேசையில் உட்கார்ந்தவர்கள். சேர்ந்து எத்தனை ஆண்டுகளில் முதல் கட்டுரை வந்தது, இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று பாருங்கள். அவர்களில் இருவருக்காவது மின்னஞ்சல் அனுப்பி, “வாரத்தில் எத்தனை முறை உங்களோடு உட்கார்ந்து தரவைப் பார்த்தார்?” என்று கேளுங்கள்.