கைசேகி விருந்துக்குப் போகும் சைவ உணவுக்காரர் முன்கூட்டிச் செய்ய வேண்டியவை

கேள்வி: அலுவலக வேலையாக அடுத்த மாதம் ஜப்பானின் கியோட்டோ நகருக்குச் செல்கிறேன். அங்குள்ள நிறுவனத்தின் மேலாளர் கைசேகி உணவகம் ஒன்றில் இரவு விருந்து தருவதாக எழுதியிருக்கிறார். நான் முட்டையும் சாப்பிடாத சைவம். அங்கே போய்ச் சொல்லிக்கொண்டால் போதுமா? குச்சியால் சாப்பிட்டுப் பழக்கமில்லை. பரிமாறுபவருக்கு டிப்ஸ் தர வேண்டுமா?

பதில்: போதாது. இன்றே அந்த மேலாளருக்கு எழுதிவிடுங்கள். கைசேகி என்பது பல சிறு உணவுகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும் ஜப்பானிய மரபு விருந்து. அதில் பட்டியலைப் பார்த்து விரும்பியதை வரவழைக்கும் வழக்கம் இல்லை. அந்தப் பருவத்துக்குரிய மீனையும் காயையும் கொண்டு எது முதலில், எது பின்னால் என்று தலைமைச் சமையற்காரரே முடிவு செய்து, வருகிறவர்களின் எண்ணிக்கைக்கு ஏற்பப் பொருள் வாங்கி வைப்பார். உட்கார்ந்த பிறகு நீங்கள் மறுத்தால் மாற்றிச் சமைக்க அவருக்கு வழியிருக்காது. முன்னதாகக் கேட்காமல் விட்டோமே என்று அழைத்தவரும் சங்கடப்படுவார்.

எழுதும்போது 'சைவம்' என்று மட்டும் குறிப்பிடாதீர்கள். அச்சமையலின் அடித்தளமே தாஷி என்னும் சாறுதான். கொம்பு என்கிற கடற்பாசியையும், வேகவைத்துப் புகையூட்டிக் காயவைத்த சூரை மீனின் மெல்லிய சீவல்களையும் வெந்நீரில் இட்டு வடிப்பது அது. நிறம் தெளிவாக இருக்கும், மீன் துண்டு எதுவும் கண்ணில் படாது. ஆனால் சூப்பிலும், வெந்த முள்ளங்கியிலும், தொட்டுக்கொள்ளும் சாற்றிலும் அதுவே இருக்கும். இறைச்சியையும் மீன் துண்டையும் தவிர்த்தால் போதும் என்று அவர்கள் நல்லெண்ணத்தோடு நினைத்துக்கொள்ள இடமுண்டு. ஆகவே இறைச்சி, மீன், முட்டை, மீன் சேர்ந்த தாஷி ஆகிய எதுவும் ஆகாது, கொம்பிலும் ஷீட்டாகே காளானிலும் எடுத்த தாஷி ஆகும் என்று பெயர் சொல்லியே எழுதுங்கள்.

சில உணவகங்கள் இயலாது என்று சொல்லிவிடும். அதை அவமதிப்பாகக் கொள்ள வேண்டாம். அரைகுறையாகச் சமைத்துத் தருவதைவிட மறுப்பதே நேர்மை. அப்போது பௌத்த மடங்களின் மரபில் வந்த ஷோஜின் உணவை நீங்களே தயங்காமல் கேட்கலாம். இறைச்சி, மீன் மட்டுமல்லாமல், பூண்டும் வெங்காயமும்கூட அதில் விலக்கு. கியோட்டோவின் அராஷியாமா பகுதியில் தென்ரியூ-ஜி கோயில் வளாகத்திலேயே ஷிகேட்சு என்ற ஷோஜின் உணவகம் இருக்கிறது. ஆனால் அங்கே பகல் உணவுதான்.

குச்சி பிடிக்க வராவிட்டால் முள்கரண்டி கேளுங்கள், யாரும் தவறாக நினைக்கமாட்டார்கள். குச்சியை எடுத்தால் இரண்டை மட்டும் கட்டாயம் தவிர்க்க வேண்டும். சோற்றில் அதைச் செங்குத்தாகக் குத்தி நிறுத்துவது இறந்தவருக்குப் படைக்கும் முறை. ஒருவர் குச்சியிலிருந்து மற்றவர் குச்சிக்கு உணவை மாற்றுவது, தகனத்துக்குப் பின் உறவினர் எலும்பு பொறுக்குவதை நினைவூட்டும். துக்க வீட்டுச் சடங்கைப் பந்தியில் செய்தால் நம் மனம் என்ன பாடுபடுமோ, அவர்களுக்கும் அப்படித்தான்.

இடக்கை உணவில் படக்கூடாது என்று வளர்ந்த நமக்கு இன்னொன்றும் புதிதாக இருக்கும். சோற்றுக் கிண்ணத்தையும் சூப்புக் கிண்ணத்தையும் இடக்கையில் ஏந்தி உண்பதே அங்கே மரியாதை. மேசையில் வைத்துக் குனிந்து உண்பதுதான் குறை. அரக்குக் கிண்ணத்தின் மூடி ஆவியால் இறுகியிருந்தால், விளிம்பை இருபுறமும் மெல்ல அழுத்துங்கள், எளிதில் திறக்கும். சாப்பிட்டு முடித்ததும் வந்தபடியே மூடிவிடுங்கள். அரக்குப் பூச்சில் கீறல் விழாதிருக்கப் பெரிய மோதிரங்களைக் கழற்றிவிடுவது நல்லது. வாசனைத் திரவியம் பூசாமல், கிழிசல் இல்லாத காலுறையோடு செல்லுங்கள், காலணியைக் கழற்ற நேரலாம். அழைத்தவர் காட்டும் இடத்திலேயே அமருங்கள்.

டிப்ஸ் வேண்டாம். இத்தகைய உணவகங்களில் சேவைக் கட்டணம் பெரும்பாலும் பில்லிலேயே சேர்ந்திருக்கும். மேசையில் பணம் வைத்தால் மறந்துவிட்டீர்கள் என்று பின்னாலேயே கொண்டுவந்து தருவார்கள். விடைபெறும்போது, விருந்துக்கு நன்றி எனப் பொருள்படும் 'கோச்சிசோசாமா' என்ற சொல்லைச் சொல்லுங்கள், மறுநாள் மேலாளருக்கு நன்றி எழுதுங்கள். பயணத் தேதி மாறினால் அன்றே தெரிவித்துவிடுங்கள். கடைசி நேரத்தில் ரத்தானால் முழுத் தொகையும் அவர் தலையில் விழக்கூடும்.