ஆப்பிரிக்க நாடகங்களில் கணவன் மனைவி: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: எந்த நாடகத்தில் தொடங்கலாம்?

கானாவின் அமா அட்டா அய்டூ எழுதிய 'அனோவா'வில் (1970) தொடங்குங்கள். கதை 1870களின் கோல்ட் கோஸ்டில் (இன்றைய கானா) நடக்கிறது. அம்மா தடுத்தும் கேட்காமல் தனக்குப் பிடித்த கோஃபி அக்கோவை மணக்கிறாள் அனோவா, இருவரும் சேர்ந்து தோல் வியாபாரம் செய்கிறார்கள், மழையிலும் சுமை தூக்குகிறார்கள். அதுவரை அவர்களுக்குள் ஏற்றத்தாழ்வு பெரிதாகத் தெரிவதில்லை. கையில் காசு சேர்ந்ததும் அவன் அடிமைகளை வாங்கி, "நீ இனி உழைக்க வேண்டாம்" என்கிறான். வேலையைப் பறித்தால் தனக்கு அங்கே என்ன இடம் என்பதுதான் அவள் கோபம், அதோடு மனிதரை விலைக்கு வாங்குவதும் அவளுக்குப் பொறுக்கவில்லை. முடிவு மிகக் கொடியது, படித்தே தெரிந்துகொள்ளுங்கள்.

கேள்வி: குழந்தை இல்லையென்றால் பழி எப்போதும் மனைவி மேல்தானா?

பெரும்பாலும் அப்படித்தான். அய்டூவின் முதல் நாடகம் 'ஒரு ஆவியின் இக்கட்டு' 1964-இல் மேடையேறியது. அதில் அட்டோவும் அவனுடைய அமெரிக்கக் கறுப்பின மனைவி யூலலியும் சேர்ந்தே குழந்தையைத் தள்ளிப்போடுகிறார்கள். வீட்டார் அவளை மலடி என்று நினைக்கும்போது அவன் வாய் திறப்பதில்லை, பிறகு அவளை அறைந்தும் விடுகிறான். அந்த மௌனம்தான் எனக்கு அறையைவிடக் கொடுமையாகப் படுகிறது. கடைசியில் அவளை அணைத்து உள்ளே கூட்டிப்போவது மாமியார்தான்!

கேள்வி: பெண் நாடகாசிரியர்கள் எல்லாரும் மனைவி பக்கம்தானே?

இல்லை. நைஜீரியாவின் ஜுலு சொஃபோலாவின் 'இனிய பொறி'யில் (1977), கணவன் தடுத்தும் பிறந்தநாள் விருந்து வைத்த படித்த மனைவி கடைசியில் மண்டியிட்டு மன்னிப்புக் கேட்கிறாள். இந்த முடிவை என்னால் ஏற்க முடியவில்லை, ஆனாலும் படிக்கத்தான் வேண்டும்.

கேள்வி: சிரிக்கச் சிரிக்க ஏதாவது?

நைஜீரியாவின் ஓலா ரொட்டிமி எழுதிய 'நம்ம வீட்டுக்காரருக்கு மறுபடியும் பைத்தியம்'. மூன்று மனைவிகள், ஒரு முன்னாள் ராணுவ மேஜர். அவர்கள் அடித்துக்கொள்வார்கள் என்று பார்த்தால், டாக்டரான லீசா மற்ற இருவருக்கும் வியாபாரக் கணக்கையும் சமத்துவத்தையும் சொல்லிக்கொடுக்கிறாள்.

கேள்வி: அய்டூ காட்டும் கானாவின் அக்கான் இன மக்கள் தாய்வழிச் சமூகம்தானே, அப்புறம் ஏன் மனைவிக்கு இந்த நிலை?

சரியான கேள்வி. அங்கே வம்சம் தாய்வழியில் போகிறது, ஒருவனுடைய சொத்து மரபுப்படி அவன் சகோதரியின் பிள்ளைகளுக்குச் சேரும். அதனால் பெண்ணுக்குப் பிறந்த வீட்டில் பலம் உண்டு, புகுந்த வீட்டில் அவள் வெளியாள். யூலலிக்கோ திரும்பிப்போகப் பிறந்த வீடும் இல்லை, அனோவாவோ அம்மாவிடம் திரும்ப மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தவள்.