ஒரு பாட்டு, ஒரு தட்டு, ஒரு லட்சம் பவுண்டு

‘சோல்’ எனப்படும் அமெரிக்கக் கறுப்பினத்தவர் இசையின் அரிய தட்டுகளைச் சேகரிப்பது, வாங்குவது, மாற்றிக்கொள்வது குறித்து வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இம்மாதம் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: பக்கத்திற்கு ஒரு பாட்டு மட்டுமே உள்ள ஏழு அங்குல அமெரிக்க இசைத்தட்டு ஒன்று இங்கிலாந்தில் ஒரு லட்சம் பவுண்டுக்குக் கைமாறியதாகப் படித்தேன். பாடியவரின் பெயரைக்கூட நான் கேள்விப்பட்டதில்லை. புகழ்பெறாத ஒருவரின் தட்டுக்கு இவ்வளவு விலை எப்படி வந்தது? (சென்னை வாசகர்)

பதில்: நீங்கள் படித்தது, ஃபிராங்க் வில்சன் 1965-இல் பாடிய ‘டூ ஐ லவ் யூ (இண்டீட் ஐ டூ)’ என்ற தட்டைப் பற்றியது. மோடவுன் இசைத்தட்டு நிறுவனம் ‘சோல்’ என்ற தன் கிளை லேபிளில் (தட்டுகளை வெளியிடும் வணிகப் பெயரில்) அதை வெளியிட ஆயத்தமாகி, வானொலி நிலையங்களுக்கு அனுப்ப வேண்டிய டெமோ பிரதிகளையும் அச்சிட்டுவிட்டது. ஏறத்தாழ 250 பிரதிகள் என்பார்கள். ஆனால் வில்சன் பாடகராக மேடையேறுவதைவிடப் பாடல் எழுதுபவராகவும் தயாரிப்பாளராகவும் இருப்பதையே விரும்பினார். வெளியீடு கைவிடப்பட்டது, அச்சான பிரதிகள் அழிக்கப்பட்டன. தப்பியவை ஒரு கை விரல்களுக்குள் அடங்கிவிடும். அதில் ஒரு பிரதி 2009-இல் 25,742 பவுண்டுக்கு ஏலம் போனது. 2020-இல் நீங்கள் சொல்லும் ஒரு லட்சம் பவுண்டு விலை பதிவாயிற்று.

ஆனால் அரிதாக இருப்பதால் மட்டும் ஒரு பொருளுக்கு விலை வந்துவிடாது. யாருமே தேடாத அரிய தட்டுகள் அமெரிக்காவின் பழைய கிடங்குகளில் எத்தனையோ கிடக்கின்றன. விலையைத் தருவது தேடும் கூட்டம். இந்தத் தட்டைத் தேடும் கூட்டம் உருவான இடம் இங்கிலாந்தின் வட பகுதியிலும் நடுப்பகுதியிலும் உள்ள ஆலை நகரங்கள். வாரம் முழுவதும் பட்டறையிலும் ஆலையிலும் உழைத்த இளைஞர்கள், சனிக்கிழமை இரவு தொடங்கி ஞாயிறு விடியும்வரை மதுவில்லாத அரங்குகளில், மரத்தரையில் டால்கம் பவுடரைத் தூவி, வேகமான தாளம் கொண்ட அமெரிக்கக் கறுப்பினச் சோல் பாட்டுகளுக்கு ஆடினார்கள். மான்செஸ்டரின் ட்விஸ்டட் வீல், ஸ்டோக் அருகே கோல்டன் டார்ச், 1973 முதல் 1981 வரை நடந்த விகன் கேசினோ ஆகியவை அந்த அரங்குகளில் பெயர் பெற்றவை. இந்த ரசனைக்கு ‘நார்தர்ன் சோல்’ என்று பெயர் சூட்டியவர், லண்டனில் இசைத்தட்டுக் கடை நடத்திய பத்திரிகையாளர் டேவ் காடின்.

ஏற்கனவே வெற்றிபெற்ற பாட்டுகளுக்கு அந்த அரங்குகளில் மதிப்பில்லை. வேறு எந்த அரங்கிலும் ஒலிக்காத பாட்டுக்கே மதிப்பு. ஆகவே டி.ஜே.க்கள் கண்டெடுத்த தட்டின் லேபிள்மேல் வெள்ளைத்தாளை ஒட்டி, பாடகருக்கு ஒரு கற்பனைப் பெயரையும் எழுதிவைத்தார்கள். அதற்குக் ‘கவர்-அப்’ என்று பெயர். ஜமைக்காவின் சவுண்ட் சிஸ்டம்காரர்கள் (பெரிய ஒலிபெருக்கிகளோடு நடன இசை நடத்தியவர்கள்) முன்பே செய்த தந்திரம் அது. வில்சனின் பாட்டும் முதலில் ‘எடி ஃபாஸ்டர்’ என்ற பெயரில்தான் ஒலித்தது. 1981 டிசம்பரில் விகன் கேசினோ கதவடைத்த இரவில் கடைசியாகச் சுழன்றதும் அதே பாட்டுதான். அந்தத் தரையில் ஆடிய ஒருவருக்கு இந்தத் தட்டு எத்தகைய பொருள் என்பதை நினைத்தால், விலை எனக்கு அவ்வளவு வியப்பாகத் தோன்றவில்லை.

கேள்வி: நாங்கள் வாங்கிய வீட்டின் பரணில் பழைய அமெரிக்க 45கள் (நிமிடத்திற்கு 45 முறை சுழலும் ஏழு அங்குலத் தட்டுகள்) ஒரு பெட்டி நிறைய இருந்தன. சிலவற்றில் வெள்ளை லேபிள், ‘நாட் ஃபார் சேல்’ என்ற எழுத்து. இவை அசலா, போலியா என்று நாங்களே கண்டுபிடிக்க வழி உண்டா? (லெஸ்டர் வாசகி)

பதில்: உண்டு. ஆனால் அவசரம் கூடாது. முதலில் எந்தத் தட்டையும் துடைக்காதீர்கள், லேபிளில் உள்ள ஸ்டிக்கரை உரிக்காதீர்கள். நல்ல மேசை விளக்கு ஒன்றும் உருப்பெருக்கிக் கண்ணாடி ஒன்றும் எடுத்துக்கொள்ளுங்கள். தட்டை விளிம்பிலும் நடுத்துளையிலும் மட்டும் பிடித்து, வெளிச்சம் சாய்வாக விழும்படி திருப்புங்கள். பாட்டின் கோடுகள் முடிந்து லேபிள் தொடங்கும்வரை ஒரு வெற்று வளையம் இருக்கிறதே, அதில்தான் தட்டின் பிறப்புச் சான்று இருக்கிறது. ஒவ்வொரு பக்கத்திற்கும் உரிய எண் அங்கே முத்திரையாகக் குத்தப்பட்டிருக்கும், அல்லது கையால் கீறப்பட்டிருக்கும். அத்துடன் ஆலையின் குறியோ ஒலிப்பதிவுக்கூடத்தின் குறியோ இருக்கலாம். நியூயார்க்கின் பெல் சவுண்ட் கூடத்தில் அச்சுக்கான மூலத்தட்டு வெட்டப்பட்டிருந்தால் அப்பெயர் முத்திரையாக இருக்கும். லாஸ் ஏஞ்சலஸின் மோனார்க் ஆலைத் தட்டில் ஒரு சிறு முக்கோணமும் அதையடுத்து ஓர் எண்ணும் கீறப்பட்டிருக்கும். மிச்சிகன் மாநிலத்தின் ஓவாசோ ஆலையில் அச்சான தட்டுகளில் ‘ஏஆர்பி’ என்ற எழுத்துகளைக் காணலாம். அசலில் முத்திரை இருக்க வேண்டிய இடத்தில் கைக்கீறல் இருந்தால் சந்தேகப்படுங்கள்.

அடுத்தது தட்டு எதனால் ஆனது என்பது. அமெரிக்க 45கள் எல்லாம் வினைல் அல்ல. பல ஆலைகள் ஸ்டைரீன் என்ற விறைப்பான பிளாஸ்டிக்கை அச்சில் செலுத்தித் தட்டு வார்த்தன. வினைல் தட்டு சற்று வளைந்துகொடுக்கும். அதன் லேபிள் தட்டோடு சேர்த்தே அழுத்தப்பட்டிருக்கும். ஸ்டைரீன் வளைந்துகொடுக்காது, நகத்தால் தட்டினால் ஒலி கூர்மையாக இருக்கும், லேபிள் பின்னர் பசையால் ஒட்டப்பட்டது என்பதால் சில சமயம் ஓரம் தூக்கிக்கொண்டிருக்கும். ஸ்டைரீனில் மட்டுமே வெளிவந்த ஒரு தலைப்பு உங்களிடம் வினைலில் இருந்தால் அது பிற்காலப் பிரதி. ஆனால் ஒரே தலைப்பை இரண்டு ஆலைகள், ஒன்று வினைலிலும் மற்றொன்று ஸ்டைரீனிலும் அச்சிட்டது உண்டு என்பதால், தலைப்பைத் தனித்தனியே சரிபார்க்காமல் முடிவுக்கு வரக் கூடாது.

மூன்றாவது, லேபிளின் அச்சு. 1970களில் நார்தர்ன் சோல் அரங்குகளின் தேவையைப் பார்த்துப் பூட்லெக் தட்டுகள், அதாவது அனுமதியின்றி அச்சிட்டவை, ஏராளமாக வந்தன. சில, வேறு லேபிள் பெயரில் வெளிப்படையாகவே வந்தன; அவற்றால் யாரும் ஏமாறுவதில்லை. அசல் லேபிளைப் படமெடுத்து அச்சிட்டவைதான் ஆபத்து. உருப்பெருக்கியில் பார்த்தால் சிறிய எழுத்துகளின் உட்புறம் மை நிரம்பி அடைத்திருக்கும், மெல்லிய கோடுகள் விட்டுவிட்டுத் தெரியும், வண்ணப்பரப்பு புள்ளிபுள்ளியாகப் பிரியும்.

இதை நான் கற்றுக்கொண்டது பணம் கொடுத்துத்தான். இசைத்தட்டுச் சந்தை ஒன்றில், மேசை மேசையாக அலைந்து களைத்த பிற்பகலில், நான் ஆண்டுக்கணக்கில் தேடிய ஒரு டெட்ராய்ட் தட்டைக் கண்டேன். விற்றவர் நல்ல விலை சொன்னார், கூட்டம் நெருக்கியது, விளக்கடியில் பார்க்காமல் வாங்கிவிட்டேன். வீட்டுக்கு வந்து பார்த்தபோது, பாடலாசிரியர் பெயரில் இருந்த ஆங்கில ‘e’ எழுத்தின் சிறு கண் அடைபட்டிருந்தது. வெற்று வளையத்தில் முத்திரைக்குப் பதிலாக நடுங்கிய கைக்கீறல். அந்தத் தட்டை இன்றும் வைத்திருக்கிறேன். புதிதாகச் சேகரிக்கத் தொடங்குகிறவர்களுக்கு அசலையும் அதையும் அருகருகே வைத்துக் காட்டுவதற்கு அது உதவுகிறது.

‘நாட் ஃபார் சேல்’ என்பது டெமோ பிரதிக்கான குறி. கடைப் பிரதிகள் பெருவாரியாக விற்ற பாட்டென்றால் டெமோவுக்குச் சற்றுக் கூடுதல் விலை கிடைக்கும். கடைக்கே வராமல் போன பாட்டென்றால், உலகில் உள்ளது டெமோ மட்டும்தான். உங்கள் பெட்டியில் அப்படி ஒன்றாவது இருக்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

கேள்வி: அமெரிக்க 45-இன் நடுத்துளை ஏன் இவ்வளவு பெரியது? (ஈரோடு வாசகர்)

பதில்: 1949-இல் ஆர்சிஏ விக்டர் இந்த வடிவை அறிமுகப்படுத்தியபோது, தடித்த தண்டில் தட்டுகளை அடுக்கி ஒன்றன்பின் ஒன்றாகத் தானே விழச்செய்யும் கருவிக்காக ஒன்றரை அங்குலத் துளை வைத்தது. சாதாரணக் கருவியில் போட ஒரு அடாப்டர் போதும். பிரிட்டிஷ் தட்டுகளில் சிறுதுளையே வழக்கம். காசு போட்டால் பாடும் ஜூக்பாக்ஸுக்கு வேண்டுமானால் நடுப்பகுதியைப் பெயர்த்தெடுக்கும்படி பல தட்டுகளை வார்த்திருந்தார்கள். பெயர்க்காத நடுப்பகுதியோடு இருக்கும் பிரிட்டிஷ் தட்டைச் சேகரிப்பவர்கள் விரும்புவார்கள்.

கேள்வி: தபால் வழியாகத் தட்டுக்குத் தட்டு மாற்றிக்கொள்ள ஒருவர் அழைக்கிறார். அவர் ‘விஜி பிளஸ்’ என்று எழுதியிருப்பதை எப்படிப் புரிந்துகொள்வது? எதைக் கவனிக்க வேண்டும்? (டொராண்டோ வாசகர்)

பதில்: ‘விஜி பிளஸ்’ (வெரி குட் பிளஸ்) என்பது அமெரிக்கத் தர வரிசையில் ‘நியர் மிண்ட்’டுக்கு (ஏறத்தாழப் புதியதற்கு) அடுத்த படி. தட்டைப் போட்டுப் பயன்படுத்தியிருக்கிறார்கள், ஆனால் பேணியிருக்கிறார்கள், ஒலியில் குறை சொல்லும்படி எதுவுமில்லை என்று பொருள். பிரிட்டிஷார் ஏறத்தாழ அதே நிலையை ‘எக்ஸலண்ட்’ என்பார்கள். பிளஸ் இல்லாத ‘விஜி’ அதற்குக் கீழ், இரைச்சல் கேட்கும். இந்த எழுத்துகளை மட்டும் நம்பி மாற்றிக்கொள்ளாதீர்கள். போட்டுக்கேட்டுத் தரம் சொன்னாரா, கண்ணால் பார்த்துச் சொன்னாரா என்று கேளுங்கள். ஸ்டைரீன் தட்டுக்கு இது மிகவும் முக்கியம், ஏனென்றால் தேய்ந்த ஊசியோ கனமான ஊசியோ அதன் கோட்டை உள்ளே அரித்திருக்கும். மேற்பரப்போ கண்ணாடிபோல் பளபளக்கும். டி.ஜே.க்கள் கையில் இருந்த தட்டென்றால் பாட்டின் தொடக்கத்தைக் கவனியுங்கள். ஊசியைச் சரியான இடத்தில் நிறுத்த முன்னும் பின்னும் சுழற்றியதால் முதல் சில நொடிகள் மட்டும் ‘ஸ்ஸ்’ என்று இரைந்து, பிறகு தெளியும். அந்தத் தொடக்கத்தின் ஒலிப்பதிவை அனுப்பச் சொல்வதில் எந்த மரியாதைக் குறைவும் இல்லை.

லேபிளில் பேனா எழுத்து உண்டா, கிடங்கில் தள்ளுபடி விற்பனைக்கு அடையாளமாக லேபிளில் துளையிட்டிருக்கிறதா, தட்டு வளைந்திருக்கிறதா என்ற மூன்றையும் எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். உங்கள் தட்டின் குறைகளையும் அதே கண்டிப்போடு, அவர் கேட்கும் முன்பே எழுதுங்கள். இந்த வட்டம் சிறியது; ஒரு முறை மறைத்தவர் பெயர் நெடுநாள் நினைவில் நிற்கும். இரண்டு தட்டுக்கும் இன்றைய சந்தை விலையை இருவரும் முதலிலேயே ஒப்புக்கொண்டு, வித்தியாசத்தைப் பணமாக ஈடுகட்டுவது நல்லது. பின்னால் மனக்கசப்பு வராது. அனுப்பும்போது, அலையலையான அட்டையில் இரண்டு துண்டுகளை வெட்டி, ஒன்றின் அலை நெடுக்காகவும் மற்றொன்றின் அலை குறுக்காகவும் வரும்படி வைத்து, நடுவில் தட்டை வையுங்கள். வினைல் வளையும், ஸ்டைரீன் உடையும். இந்தக் குறுக்கு அடுக்கு இரண்டையும் காக்கும்.

கேள்வி: எனக்குப் பாட்டைக் கேட்டால் போதும். அசல் தட்டுதான் வேண்டும் என்று அடம்பிடிப்பது வீண் பெருமை அல்லவா? (மதுரை வாசகர்)

பதில்: பாட்டு போதும் என்பது முழுமையான ரசனை, அதில் எந்தக் குறையும் இல்லை. டாரெல் பேங்க்ஸ் பாடிய ‘ஓப்பன் த டோர் டு யுவர் ஹார்ட்’ 1966-இல் டெட்ராய்ட்டின் ரெவிலாட் லேபிளில் வந்து அமெரிக்காவில் பெருவெற்றி பெற்றது. ஏராளமான பிரதிகள் உண்டு, எளிய விலைக்கு இன்றும் கிடைக்கும். பிரிட்டனில் அதை ‘லண்டன்’ என்ற பெயருடைய லேபிள் வெளியிட இருந்தது. உரிமை ஸ்டேட்சைட் லேபிளுக்குப் போய்விட, லண்டன் பெயரில் அச்சான தட்டு கடைக்கு வரவில்லை. அப்படித் தப்பிய ஒரு பிரதி 2014-இல் பதினான்காயிரம் பவுண்டுக்கு மேல் விலைபோனது. இரண்டிலும் குரல் ஒன்று, பாட்டு ஒன்று. பதினான்காயிரம் கொடுத்தவர் வாங்கியது அந்தத் தட்டு தப்பிப் பிழைத்த கதையை. அதை வீண் என்று நான் சொல்லமாட்டேன். உங்களுக்கு அது தேவையில்லை, அவ்வளவே.

ஆனால் சோல் அரங்குகளில் ‘அசல் தட்டு மட்டுமே’ என்ற விதியைப் பிடிவாதமாகக் காப்பதற்கு வேறொரு நியாயமும் உண்டு. ஒரு டி.ஜே. தேடி அலைந்து, கைப்பணம் போட்டுக் கண்டெடுத்ததை, மற்றொருவர் நகலெடுத்து அடுத்த வாரமே ஒலிக்கச் செய்தால், தேடுவதற்கே ஆள் இருக்காது. தேடியவர்கள் இருந்ததால்தான் நாம் இன்று இப்பாட்டுகளைக் கேட்கிறோம்.

கேள்வி: இவ்வளவு பணம் புரளும் இடத்தில் பாடியவர்களுக்கு என்ன கிடைக்கிறது? (யாழ்ப்பாண வாசகி)

பதில்: பழைய தட்டு கைமாறும்போது பாடியவருக்கு ஒரு காசும் போவதில்லை. பூட்லெக்கிலும் போவதில்லை. பாட்டு முறையாக மறுவெளியீடு ஆனால்தான் வழி பிறக்கிறது. அப்போதும் பாடலாசிரியருக்கும் பாடகருக்கும் கிடைப்பது ஒன்றல்ல. குளோரியா ஜோன்ஸ் 1965-இல் பாடிய ‘டெயிண்டட் லவ்’ ஒரு தட்டின் பின்பக்கப் பாட்டு. அன்று யாரும் கவனிக்கவில்லை. வட இங்கிலாந்து அரங்குகள் அதைத் தூக்கி நிறுத்தின. 1981-இல் சாஃப்ட் செல் குழு அதைப் பாடி பிரிட்டனில் முதலிடம் பிடித்தபோது, உரிமைத்தொகைக்கு உரியவர் பாட்டை எழுதிய எட் காப். முதலில் பாடிய குரலுக்கு அதில் பங்கில்லை. எனக்கு இது இன்றும் மனதை உறுத்தும் கணக்கு.

மாறாக, டாமி லின் 1960களின் நடுவில் பாடிய ‘ஐ’ம் கோனா ரன் அவே ஃப்ரம் யூ’ 1971-இல் பிரிட்டனில் முறைப்படி மறுபடி வெளிவந்து நான்காம் இடம்வரை ஏறியது. பாடியவரே தன் பழைய பாட்டோடு வெளிச்சத்துக்கு வந்தார். 1982 முதல் லண்டனின் கென்ட் லேபிள், உரிமையாளர்களைத் தேடிப்பிடித்து அனுமதி பெற்று அரிய சோல் பாட்டுகளைத் தொகுத்து வெளியிட்டு வருகிறது. விலை மலிவு, உறையில் பாடகரின் வரலாறும் இருக்கும். மறுவெளியீட்டுத் தட்டு வாங்கும்போது லேபிளின் கீழ் வளைவில் பாருங்கள்: உரிமம் யாரிடம் பெறப்பட்டது என்ற வரி சிறிய எழுத்தில் இருக்க வேண்டும். அந்த வரியும் இல்லாமல், வெளியிட்டவர் முகவரியும் இல்லாமல் இருந்தால், கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.