விளக்கு அணையவில்லை, மிச்சக் காசைக் கொடுப்பதா?

கேள்வி: கொழும்பு வெள்ளவத்தையில் இருக்கிறேன். முச்சக்கர வண்டியொன்றின் பின்னால் மோதியதில் என் ஜப்பான் காரின் முன் பம்பரும் முன் கண்ணாடியும் போய்விட்டன. கண்ணாடியைப் பஞ்சிகாவத்தையில் நானே வாங்கிக் கொடுத்தேன். மற்றதெல்லாம் கராஜ் வேலை. பில் 285,000 ரூபா, அதில் ‘கேமரா, ரேடார் கலிபரேஷன்’ (கண்ணாடி வழியாகப் பார்க்கும் கேமராவையும் பம்பருக்குப் பின்னாலுள்ள ரேடாரையும் சரியான திசைக்கு நேர்ப்படுத்தும் வேலை) என்று 40,000. பாக்கி 60,000 ஐப் பிறகு தருவதாகச் சொல்லிக் காரை எடுத்துவந்தேன். மூன்றாம் நாள், தானாக பிரேக் பிடிக்கும் அமைப்பின் எச்சரிக்கை விளக்கு எரிந்தது. இரண்டு தடவை கொண்டுபோனேன். அணைத்துத் தருகிறார்கள், மறுபடி எரிகிறது. இப்போது, “கண்ணாடி உங்களுடையது, பிழை எங்களுடையது அல்ல, பாக்கியைத் தாருங்கள்” என்கிறார்கள். ஆறு வாரமாகிவிட்டது. என்ன செய்யலாம்?

பதில்: காரை வேறு கராஜில் கொடுத்துத் திருத்திவிடாதீர்கள். அங்கே ஒரு ஆணியைக் கழற்றினாலும், “அவர்கள்தான் கெடுத்தார்கள்” என்று முதல் கராஜ் சொல்ல வழி கிடைத்துவிடும். வேறிடத்தில் ஸ்கேன் (காரின் கணினியில் பதிவான பிழைகளை வாசிப்பது) மட்டும் போடுங்கள். பிழைக் கோட் எதையும் அழிக்க வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லி, திகதியும் கிலோமீட்டரும் விழுந்த ரிப்போர்ட்டை அச்சில் வாங்குங்கள். உங்கள் வழக்கே அந்தத் தாளில்தான் இருக்கிறது.

ஏனென்றால், கலிபரேஷன் நிற்கவில்லை என்பது மட்டும் கராஜின் தவறுக்குச் சான்றாகிவிடாது. அது ஏன் நிற்கவில்லை என்பதைப் பொறுத்தே பொறுப்பு மாறும். பம்பருக்குப் பின்னால் ரேடாரைத் தாங்கும் பிராக்கெட் வளைந்தபடி இருக்கிறதா? ரேடாருக்கு நேரே பம்பரில் புட்டியும் பெயின்ட்டும் தடிப்பாக ஏறியிருக்கிறதா? வீல் அலைன்மென்ட் பார்க்காமலே கேமராவைச் சரிசெய்யப் போனார்களா? பற்றரி வோல்டேஜ் இறங்கியிருந்ததா? கலிபரேஷனுக்காகக் காரின் முன் நிறுத்தும் இலக்குப் பலகையைச் சமதளம் இல்லாத தரையில், குத்துமதிப்பான தூரத்தில் வைத்தார்களா? இவை எல்லாம் கராஜின் தலையில்தான் விழும். சில மாடல்களுக்குத் தடக் கோடுகள் தெளிவான வீதியில், குறித்த வேகத்தில் ஓட்டித்தான் கலிபரேஷனை முடிக்க வேண்டும். காலி வீதியில் காலை எட்டு மணிக்கு அது நடக்காது. கொட்டாவையில் ஏறி அதிவேகப் பாதையில் ஓட்டினார்களா என்று கேளுங்கள். பில்லில் 40,000 போட்டவர்களிடம் வேலைக்கு முந்திய ஸ்கேனும் பிந்திய ஸ்கேனும் இருக்க வேண்டும். இரண்டையும் எழுத்தில் கேளுங்கள். இல்லை என்றால் அதுவே உங்களுக்குச் சாதகமான பதில்.

இனிக் கண்ணாடி. இதுதான் உங்கள் பலவீனமான இடம், ஒளித்துப் பயனில்லை. கேமரா பார்க்கும் பகுதியில் கண்ணாடி கொஞ்சம் நெளிந்திருந்தாலோ, கேமரா பிராக்கெட் அந்த மாடலுக்கு உரியதாக இல்லாவிட்டாலோ கலிபரேஷன் தோற்கும். காரணம் அதுதான் என்று ரிப்போர்ட் சொன்னால், பொருளின் குறைக்குக் கராஜை முழுதாகப் பிடிப்பது கடினம். ஆனாலும் கதை அதோடு முடியவில்லை. கண்ணாடியைப் பொருத்தியவர்கள் அவர்கள். கலிபரேஷனுக்குக் காசு போட்டவர்களும் அவர்கள். தொழில் தெரிந்தவர், “இந்தக் கண்ணாடியில் கேமரா நிற்காது” என்று உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும் என வாதிடலாம். நம் பொதுச்சட்டமான ரோமன்-டச்சுச் சட்டத்தில், ஒரு வேலையைப் பொறுப்பேற்றவரின் திறமைக் குறைவும் கவனக்குறைவாகவே எண்ணப்படும். 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டமும், சேவை உரிய கவனத்தோடும் திறமையோடும் வழங்கப்படும் என்ற உத்தரவாதம் ஒப்பந்தத்திலேயே அடங்கியிருப்பதாகக் கொள்கிறது. ஜப்பானில் 2020 ஏப்ரல் முதல் இந்த வகைக் கேமரா, ரேடார் வேலையையே தனி அனுமதி தேவைப்படும் பராமரிப்பாக்கிவிட்டார்கள். அந்தச் சட்டம் இங்கே செல்லாதுதான். ஆனால் இது விளக்கை அணைத்து அனுப்பும் சில்லறை வேலை அல்ல என்று காட்ட அது உதவும்.

பாக்கிக்கு வருவோம். கராஜில் கார் நின்றிருந்தால், கூலி தீரும்வரை அதைப் பிடித்துவைக்கும் உரிமை அவர்களுக்கு உண்டு. காரை உங்கள் கையில் தந்தபோதே அந்தப் பிடி போய்விட்டது. அதற்காக 60,000 முழுவதையும் மறுத்துவிடாதீர்கள். கலிபரேஷனுக்கான 40,000 ஐ நிறுத்திவைத்து, குறையில்லாத வேலைக்கு உரிய மிச்சம் 20,000 ஐ, “உரிமைகளை விட்டுக்கொடுக்காமல்” என்று கடிதத்தில் எழுதிச் செலுத்துங்கள். நீதிபதி முன்னாலும் மத்தியஸ்தர் முன்னாலும் நியாயமாக நடந்தவரின் பேச்சுக்குத்தான் எடை. (கூலிக்காக அவர்கள் வழக்குப் போட ஒரு வருடக் காலாவதி உண்டு. அதை நம்பி இழுத்தடிக்கும் யோசனை வேண்டாம்.)

அப்புறம், பதிவுத் தபாலில் ஒரு கடிதம்: குறை இன்னது, ஸ்கேன் ரிப்போர்ட்டின் பிரதி இணைப்பு, 14 நாளுக்குள் சொந்தச் செலவில் சரிசெய்து பிந்திய ஸ்கேனோடு தரவும். இந்தச் சந்தர்ப்பத்தைக் கொடுக்காமல் வேறிடத்தில் செய்து காசு கேட்டால் உங்கள் கோரிக்கை பலவீனப்படும். வாட்ஸ்அப் செய்திகளை அழிக்காதீர்கள். 2006 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல்கள் சட்டம் அவற்றைச் சான்றாக முன்வைக்க வழி தருகிறது.

பதில் வராவிட்டால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறைப்பாடு செய்யுங்கள். தொலைபேசி 1977. இங்கேதான் பலர் கோட்டைவிடுகிறார்கள்: 13 ஆம் பிரிவின்படி சேவை பெற்ற நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் முறைப்பாடு போய்ச்சேர வேண்டும். ஆறு வாரம் கடந்துவிட்டதால், உங்களிடம் இருப்பது இன்னும் ஏறத்தாழ அவ்வளவுதான். விசாரித்தபின் இழப்பீடு கொடுக்கவோ பணத்தைத் திருப்பவோ சபை உத்தரவிடலாம். நீதிமன்றம் என்றால், இந்தத் தொகைக்கு முதலில் மத்தியஸ்த சபைக்குப் போய், இணக்கம் ஏற்படவில்லை என்ற சான்றிதழோடுதான் வரவேண்டும். கவனக்குறைவுக்கான நட்டஈட்டு வழக்குக்கு இரண்டு வருடம். திருத்தச் செலவைக் காப்புறுதிக் கம்பனி கொடுத்திருந்தால் அவர்களுக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று. விளக்கு எரியும்போது அந்த அமைப்பு வேலை செய்யாது என்பதாவது உங்களுக்குத் தெரியும். விளக்கை மட்டும் அணைத்து, ரேடார் ஒரு பாகை திரும்பியபடி இருந்தால் 100 மீட்டரில் அதன் பார்வை 1.75 மீட்டர் விலகிவிடும், கிட்டத்தட்ட அரைத் தடம். பக்கத்துத் தடத்து பஸ்ஸுக்கு உங்கள் கார் பிரேக் போடக்கூடும். எனவே இனி அந்த விளக்கை யாரும் வெறுமனே அணைக்க விடாதீர்கள். குறை தெரிந்தே ஓட்டி விபத்து நேர்ந்தால், சாரதி என்ற முறையில் பொறுப்பு முதலில் உங்கள் மேல்தான் வரும். கராஜிடம் நட்டஈடு கேட்டாலும், உங்கள் பங்குத் தவறைக் கழித்துத்தான் நீதிமன்றம் தரும்.