பயத்துல ஒத்துக்கிட்டான், அது செல்லுமா?

கேள்வி: மகனுக்கு 14 வயசு. கூட்டாளிங்களோட கடையில பொருள் எடுத்தான்னு போலிஸ் விசாரிச்சாங்க, பயத்துல எல்லாத்துக்கும் ஆமான்னு கையெழுத்து போட்டுட்டான். என்னை உள்ள விடல, யாரோ ஒரு அக்காதான் கூட இருந்தாங்களாம். இத வச்சே முடிச்சிடுவாங்களா?
- ஒரு அம்மா, யீஷூன், சிங்கப்பூர்

பதில்: அந்த அக்கா 2017ல ஆரம்பிச்ச திட்டத்துல வர்ற தொண்டூழியர்ம்மா, விசாரிக்கப்படுற சின்ன வயசுப் பிள்ளைங்களுக்குக் கேள்வி புரியுதா, ரொம்ப மிரண்டுட்டாங்களான்னு பாத்துக்குவாங்க, ஆனா வக்கீல் இல்ல, சட்ட ஆலோசனை சொல்ல மாட்டாங்க. பெத்தவங்கள வெளிய உட்கார வைக்கிறது எனக்கும் உறுத்தத்தான் செய்யுது. சரி, விஷயத்துக்கு வரேன். குற்றவியல் நடைமுறைச் சட்டம் 258வது பிரிவுப்படி மிரட்டியோ ஆசை காட்டியோ வாங்குன வாக்குமூலம் செல்லாது. நீங்க ஆட்சேபிச்சா, அவன் தானா சொன்னான்னு சந்தேகத்துக்கு இடமில்லாம நிரூபிக்க வேண்டியது அரசுத் தரப்புதான், வழக்குக்குள்ளயே அதுக்குத் தனியா ஒரு விசாரணை நடக்கும். ஆனா சும்மா பயந்துட்டான்னு சொன்னா எடுபடாது, அந்த பயம் எதனால வந்துச்சுங்கறதுதான் கேள்வி. தானா சொன்னதுதான்னு முடிவாயிட்டா அந்த வாக்குமூலத்த மட்டும் வச்சே குற்றம் உறுதின்னு சொல்ல இங்க வழி இருக்கு, அலட்சியம் வேணாம். யாரு என்ன சொன்னாங்க, எத்தனை மணி நேரம், சாப்பாடு குடுத்தாங்களான்னு அவனுக்கு ஞாபகம் இருக்கறப்பவே எழுத வச்சு வக்கீல்கிட்ட குடுங்க.