முழு சார்ஜ் காட்டியும் ஐந்து நிமிடத்தில் நிற்கும் புல்வெட்டி

சார்ஜரில் பச்சை விளக்கு வந்தும் உங்கள் 40 வோல்ட் புல்வெட்டி ஐந்து நிமிடத்தில் நின்றுவிடுகிறது, கொஞ்சம் ஆறவிட்டால் மறுபடி ஓடுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். ஆறினால் ஓடுகிறது என்றால் பெரும்பாலும் மோட்டார் பழுது இல்லை. சுமை தாங்காமல் கரண்ட் ஏறி, சூடாகி, பாதுகாப்பு சர்க்யூட் நிறுத்திவிடுகிறது. அதனால் இப்போதே புதுப் பேட்டரிக்குக் காசு போடாதீர்கள்.

முதலில் பேட்டரியையும் பாதுகாப்புச் சாவியையும் கழற்றிவிடுங்கள், இதில் மட்டும் சோம்பல் கூடவே கூடாது, பிளேடு சட்டென்று சுற்றினால் விரல் போய்விடும். அப்புறம் பக்கவாட்டில் சாய்த்து அடிப்பக்கம் பாருங்கள். ஈரப்புல் காய்ந்து அடைபோல ஒட்டியிருந்தால் பிளாஸ்டிக் கரண்டியால் சுரண்டி எடுங்கள், ஹோஸ் பைப்பால் தண்ணீர் அடிக்க வேண்டாம். வெட்டிய புல்லின் நுனி நார்நாராகக் கிழிந்து வெளுத்திருந்தால் பிளேடு மழுங்கிவிட்டது என்று அர்த்தம். கையுறை போட்டு, பிளேடின் இரண்டு முனைகளையும் ஒரே அளவு தீட்டுங்கள், இல்லாவிட்டால் மெஷின் அதிரும்.

சரி, இப்போது காய்ந்த புல்லில், வெட்டும் உயரத்தை மேலே ஏற்றி ஓட்டிப் பாருங்கள். நீளமாக வளர்ந்த புல்லை ஒரே தடவையில் ஒட்ட வெட்டவே கூடாது, அதன் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கைத்தான் வெட்டி எடுக்கலாம். அப்படியும் நின்றால் அதே மாடல் பேட்டரி ஒன்றை யாரிடமாவது இரவல் வாங்கிப் போட்டுப் பாருங்கள். அதில் நன்றாக ஓடினால் கோளாறு உங்கள் பேட்டரியில்தான். வாரன்ட்டி இருக்கிறதா என்று பில்லைத் தேடி எடுத்து வையுங்கள், பேட்டரியைப் பிரிக்க மட்டும் வேண்டாம்.