சொரசொரப்பும் வெளிச்சமும்: வாசகர் கடிதம்

அன்புள்ள ஐயா,

எல்இடியின் மேற்பரப்பை நானோ அளவில் சொரசொரப்பாக்கினால் வெளிச்சம் கூடும் என்று எழுதியிருந்தீர்கள். முட்டை வெள்ளைக்கரு சேர்த்து வழவழப்பாகத் தேய்த்த எங்கள் வளவுச் சுவர்தான் பளிச்சென்று இருக்கிறது. சொரசொரப்பான சுவர் மங்கலாகவே தெரிகிறது. இது எப்படிப் பொருந்தும்?

ஒரு வாசகி, தேவகோட்டை

அன்புள்ள அம்மா,

சுவரின் மீது ஒளி வெளியிலிருந்து விழுகிறது. எல்இடியிலோ அது பொருளுக்குள்ளேயே பிறந்து வெளியே வந்தாக வேண்டும். ஊருணியில் முங்கியபடி சாய்வாக மேலே பார்த்தால் வானம் தெரியாமல் நீர்ப்பரப்பே கண்ணாடிபோல் தெரிவதைக் கவனித்திருப்பீர்கள். நீரிலிருந்து, செங்குத்துக் கோட்டைவிட ஏறத்தாழ 49 பாகைக்கு மேல் சாய்ந்து வரும் ஒளி முழுவதும் உள்ளேயே திரும்பிவிடுகிறது. நீல எல்இடிக்கு அடிப்படையான காலியம் நைட்ரைடு என்ற பொருளின் ஒளிவிலகல் எண் (ஒளியை எவ்வளவு வளைக்கிறது என்பதன் அளவு) 2.4க்கும் சற்று மிகுதி என்பதால், அந்த எல்லை 24 பாகையளவுக்குச் சுருங்கிவிடுகிறது. எல்லாத் திசைகளிலும் பிறக்கும் ஒளியில் ஒரு சமதள முகத்தின் வழியே நேராகக் காற்றுக்குள் தப்புவது 4 சதவீதம்தான். மேலே பிசின் பூசினால் அது 10 சதவீதத்தை ஒட்டி உயரும். எஞ்சியது உள்ளேயே அலைந்து, உலோக இணைப்புகளிலும் படலங்களிலும் உறிஞ்சப்பட்டு வெப்பமாகிறது.

இணையான இரு வழவழப்பான முகங்களுக்கிடையே 40 பாகையில் மோதிய கதிர் எத்தனை முறை மோதினாலும் அதே 40 பாகையில்தான் மோதும்; ஆகவே அதற்கு விடுதலையே கிடையாது. சொரசொரப்பு ஒவ்வொரு மோதலிலும் கோணத்தைக் கலைத்துவிடுவதால், அடுத்த மோதலிலாவது அது வெளியேற வாய்ப்புண்டு. மேடுபள்ளங்கள் ஒளியின் அலைநீளத்தை ஒத்த, சில நூறு நானோமீட்டர் அளவிலாவது இருக்க வேண்டும். அதைவிட மிகச் சிறியவற்றை ஒளி பொருட்படுத்துவதில்லை. 2004இல் கலிபோர்னியாவின் சான்டா பார்பரா ஆய்வாளர்கள், பின்னாளில் நோபல் பெற்ற ஷூஜி நகமுராவும் அவர்களில் ஒருவர், எல்இடிச் சில்லின் மேற்பரப்பை ஒளிமின்வேதியியல் முறையில், அதாவது வேதிக்கரைசலில் வைத்து ஒளியின் துணையோடு, அரித்து அறுகோணக் கூம்புகளை உருவாக்கி, வெளிவரும் ஒளியை இரண்டு முதல் மூன்று மடங்காக்கினர். (மின்வேதியியலுக்கென்றே ஒரு தேசிய ஆய்வகம், அழகப்பச் செட்டியாரின் கொடையால், உங்களுக்குப் பக்கத்திலேயே காரைக்குடியில் இருக்கிறது.)

துளைகளை ஒழுங்கான வரிசையில் அமைக்கும் ஒளிப்படிக முறை அழகானது, ஒளியின் திசையையும் கட்டுப்படுத்த வல்லது; ஆயினும் வீட்டு விளக்குக்கு ஒழுங்கற்ற, மலிவான அரிப்பே போதும் என்பது என் உறுதியான கருத்து.

உங்கள் பல்பின் பால்வெள்ளை மூடி இந்த நுட்பத்தைச் சேர்ந்ததன்று. அது முக்கியமாகக் கண்கூச்சத்தைக் குறைக்கவே உள்ளது. சிறிது வெளிச்சத்தையும் எடுத்துக்கொள்கிறது. வாங்கும்போது அட்டைப்பெட்டியில் உள்ள லூமென் எண்ணை, அதாவது வெளிச்சத்தின் அளவை, வாட்டால் வகுத்துப் பாருங்கள்; விடை பெரிதானால் அதே மின்சாரத்துக்குக் கூடுதல் வெளிச்சம்.